கண்களை மூடச் சொல்வதற்கு முன்பு

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, வடசென்னையில் வீடற்ற இளைஞர்கள் தங்கும் இரவுக் காப்பகம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். 18 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆண்கள் முப்பது பேர் வரை இங்கே தங்குகிறார்கள். பெரும்பாலும் கேட்டரிங் வேலை, மார்க்கெட்டில் லோடு இறக்கும் வேலை, மீன்பாடி வண்டி என்று கிடைப்பதைச் செய்கிறவர்கள். ஒரு தன்னார்வக் குழு மைண்ட்ஃபுல்னெஸ் எனும் எட்டு வாரக் கவனப் பயிற்சியை இலவசமாக நடத்தித்தர முன்வந்தது. முதல் சனிக்கிழமை மாலை கூடத்தில் விளக்கைக் குறைத்து, கதவைச் சாத்தி, எல்லோரையும் பாயில் படுக்கச் சொல்லி, "கண்களை மூடிக்கொண்டு உங்கள் வீட்டில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் பயிற்றுநர். இரண்டு பேர் சிரித்தார்கள். நான்கைந்து பேர் தூங்கிவிட்டார்கள். 19 வயதுத் தம்பி ஒருவனுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. எழுந்து வெளியே போய்விட்டான். கேட் ஓரமாகச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரவு 11 மணி வரை உட்கார்ந்திருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லக்கா" என்றான். அடுத்த வார வகுப்புக்கு அவன் வரவில்லை. ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், தொடருங்கள் என்கிறார் பயிற்றுநர். சோற்றுக்கும் படுக்கைக்கும் அல்லாடுகிறவனுக்குத் தியானம் எதற்கு என்கிறார் என்னோடு வேலை செய்பவர். இதில் யார் சொல்வது சரி? பயிற்சியைத் தொடரலாமா? இதில் முறையாகத் தேர்ச்சி பெறாத நானே எளிமையாக எதையாவது சொல்லிக்கொடுக்க முடியுமா?

— காப்பகப் பொறுப்பாளர், சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயிற்றுநர் சொன்னதையும் உடன் வேலை செய்பவர் சொன்னதையும் எழுதிய நீங்கள், அந்தத் தம்பி கையில் செருப்பு வைத்திருந்ததையும் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை அந்தச் செருப்பிலிருந்தே தொடங்குகிறேன். பிளாட்பாரத்தில் படுத்துப் பழகியவர்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தூங்குவதில்லை. தலைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள், அல்லது போட்டபடியே படுப்பார்கள். திருட்டுப் போய்விடும் என்பது ஒரு காரணம். நடுராத்திரியில் லத்தியால் தட்டி எழுப்புகிறவர் வந்தாலும், குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவன் வந்தாலும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆகவே கையில் செருப்போடு உட்கார்ந்திருந்தவன் ஓடுவதற்குத் தயாராக இருந்திருக்கிறான். ஆனால் ஓடவில்லை. 11 மணி வரை உங்கள் கேட் ஓரத்திலேயே இருந்திருக்கிறான். உங்கள் காப்பகத்தின் மீது அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் நேரடியாகக் கேட்டிருப்பதால் நானும் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடக்கும் முறையில் இந்தப் பயிற்சியைத் தொடர வேண்டாம். வரும் சனிக்கிழமையே நிறுத்திவிடுங்கள். ஆனால் கவனப் பயிற்சி என்ற எண்ணத்தையே தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். முறையை மாற்றினால் அது இந்த இளைஞர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக விளக்க அனுமதியுங்கள்.

வெளியே படுத்து உறங்குகிறவனின் தூக்கம் நம்முடைய தூக்கத்தைப் போன்றதன்று. பாரிமுனைப் பக்கத்துக் கடைத்தெருக்களில் ஷட்டர் இறங்கிய பிறகுதான் படுக்க இடம் கிடைக்கும். காலையில் கடைக்காரர் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்திலும் கொசு, வண்டிச் சத்தம், மழை, யாராவது பையை இழுத்துவிடுவார்களோ என்ற பயம் என்று பாதி விழிப்பிலேயே கழியும். பல மாதங்கள் இப்படி வாழ்ந்த உடம்பு ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது: காதை எப்போதும் திறந்து வை, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள், வெளியே போகும் வழி எங்கே இருக்கிறது என்று பார்த்து வை. மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி சிறிய சத்தத்துக்கும் உடனே எச்சரிக்கை கொடுக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வியர்க்கிறது. காப்பகத்துக்கு வந்து ஒரு பாயும் தலையணையும் கிடைத்த மாத்திரத்தில் இந்தப் பழக்கம் மறைந்துவிடாது. அவனை இதுநாள் வரை காப்பாற்றி வந்ததே அந்த விழிப்புதான்.

இப்படிப்பட்ட ஒருவனிடம் கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, மல்லாந்து படுத்துக் கண்களை மூடச் சொல்வது என்றால், அவனிடம் இருக்கும் ஒரே காவலையும் இறக்கி வைக்கச் சொல்வதாகும். அதுவும் சுற்றிலும் முப்பது பேர் இருக்கும் கூடத்தில். அதோடு நிற்கவில்லை, வீட்டில் பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்தவர்களில் பலர் அப்பாவின் அடிக்கோ, குடிக்கோ, வேறு கொடுமைக்கோ பயந்து வெளியேறியவர்கள். சிலருக்கு நினைத்துப் பார்க்க ஒரு வீடே இருந்ததில்லை. பயிற்றுநர் தீய எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வேறு எந்தக் கூட்டத்திலும் ஆறுதலாக இருக்கக்கூடிய அந்த வாக்கியம் இந்தக் கூட்டத்தில் ஒரு பழைய கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தம்பி எழுந்து வெளியே போனதில் தவறு எதுவும் இல்லை. ஆபத்து என்று உடம்பு சொன்னது, வெளியே போகும் வழி தெரிந்திருந்தது, போனான்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் இளைஞர்கள் தங்கும் ஓர் இல்லத்தில் வாரம் ஒருமுறை வகுப்பு எடுத்தேன். இடது மணிக்கட்டில் சணல் கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையைத் துணிப்பையோடு முடிச்சுப் போட்டிருந்த ஒரு பையன், கண்ணை மூடச் சொன்னால் சில நொடிக்கு ஒருமுறை திறந்து பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பை எங்கேயும் போயிடாது தம்பி" என்றேன். "மூணு தடவ போயிருக்கு சார்" என்று அமைதியாகச் சொன்னான். அந்தப் பைக்குள் பள்ளி மாற்றுச் சான்றிதழும், ஆதார் அட்டையும், லேமினேஷன் செய்த ஓர் அம்மா படமும் இருந்தன. அடுத்த வாரத்திலிருந்து அவனைச் சுவரோரம், வாசலைப் பார்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கண்களைத் திறந்தபடி உட்காரச் சொன்னேன். எதைக் கவனிப்பது என்று கேட்டான். கயிற்றையே கவனி என்றேன். மணிக்கட்டில் எந்த இடத்தில் அழுத்துகிறது, எந்த இடத்தில் தளர்வாக இருக்கிறது, சணல் எங்கே குத்துகிறது என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் அவன் அசையாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். கவனப் பயிற்சி என்பது அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்ததும் அன்றைக்குத்தான்.

உங்களுக்கு வழங்கப்பட்ட எட்டு வாரத் திட்டத்தின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பௌத்த மரபில் சதி என்று பாலி மொழியில் சொல்லப்படும் விழிப்பு நிலையை அடிப்படையாகக் கொண்டு, 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் தொடங்கிய முறை அது. தீராத வலியோடு மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்த நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, ஒருநாள் முழுக்க மௌனம், அதற்கு மேல் அன்றாடம் முக்கால் மணி நேரம் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்பது அதன் அமைப்பு. வீட்டில் செய்ய வேண்டியது என்ற அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். சாத்திக்கொள்ள ஓர் அறை, தொந்தரவு இல்லாத ஒரு மூலை, அடுத்த வாரமும் இதே ஊரில்தான் இருப்போம் என்ற உறுதி ஆகியவை எல்லாம் இருப்பதாக வைத்துக்கொண்டு வகுக்கப்பட்ட திட்டம் அது. அதில் குறை காண வரவில்லை. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. அதை அப்படியே தூக்கி வந்து உங்கள் கூடத்தில் வைத்ததுதான் பிழை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பயிற்றுநர் உங்களிடம் பேசியிருக்கலாம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வீடற்ற இளைஞர்களுக்குத் தியான வகுப்பு நடத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. தொடர்ந்து வந்தவர்களின் மனநிலையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமல் செய்யப்பட்ட முன்னோட்ட முயற்சி. டென்வர் நகரில் தங்குமிட இளைஞர்களிடம் நடந்த மற்றொரு முயற்சி எனக்கு இதைவிடப் பிடித்தது. அங்கே மனதை அமைதிப்படுத்துவதைப் பெரிய இலக்காக வைக்கவில்லை. சுற்றுப்புறத்தையும் தன் உடம்பையும் கூர்ந்து கவனித்து ஆபத்தை முன்கூட்டியே இனம் கண்டுகொள்ளக் கவனப் பயிற்சியைப் பயன்படுத்தினார்கள். வீதியில் வாழ்கிறவனின் விழிப்பைக் குறையாகப் பார்க்காமல், அவனிடம் ஏற்கெனவே இருக்கும் திறமையாக எடுத்துக்கொண்ட அணுகுமுறை அது. மறுபுறம், பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. எல்லா மாணவருக்கும் பொதுவாக மைண்ட்ஃபுல்னெஸ் கற்றுக்கொடுத்ததால், வழக்கமான பாடங்களை விடக் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்த பிள்ளைகளுக்கு இது பொருத்தமில்லாமல் போகலாம் என்ற அறிகுறியும் தெரிந்தது. ஆகையால் எல்லோருக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தொடர்ந்து செய்தால் சரியாகிவிடும் என்ற பேச்சையும் இந்த விஷயத்தில் ஏற்காதீர்கள். தொடர்ந்து செய்யச் செய்யச் சிலருக்கு மோசமாவதும் உண்டு.

இனி, உங்கள் உடன் பணியாளர் சொன்னது. அவர் பக்கம் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. மன அழுத்தத்துக்குக் காரணம் மனதுக்குள் மட்டும் இல்லை. முகூர்த்த நாளில் விடிய விடியச் சாம்பார் வாளி தூக்கியவனுக்குக் கூலி வராமல் போவது, செல்போன் சார்ஜர் பாயிண்டுக்கு அன்றாடம் நடக்கும் சண்டை, அடையாள அட்டை இல்லாததால் தட்டிப்போன வேலை என்று எல்லாம் வெளியில் இருக்கும் காரணங்கள். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, நீ பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள் என்று சொல்வதற்குக் கவனப் பயிற்சியைப் பயன்படுத்தினால் அது அநியாயம். என்னிடம் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், ஆளுக்கொரு பூட்டும் சாவியும் உள்ள பெட்டி வாங்கி வைப்பேன். சாவி தன் இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்தவன் இரவில் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறான் என்பதை ஒரு மாதத்தில் நீங்களே பார்ப்பீர்கள். அடுத்து, இரவு முழுக்க ஒரு சிறிய விளக்கு எரியட்டும். சுவரோரப் பாய் யாருக்கு வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். ஆய்வுப் பார்வைக்கு வருகிறவர்களோ, விருந்தினர்களோ தூங்குகிறவர்களின் அருகில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாரையாவது எழுப்ப வேண்டியிருந்தால் தோளைத் தொட்டு உலுக்காமல், கால் பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இவை சலுகைகள் இல்லை என்பதும் அந்த இளைஞர்களுக்குத் தெரிய வேண்டும். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் இயங்குவதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் என்று கணக்குச் சொன்னது. உங்கள் கூடத்தை ஒருநாள் அளந்து பாருங்கள். உங்களிடம் தங்குபவர்களில் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயது முடிந்ததும் வெளியே வந்தவர்கள் இருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். இருந்தால் அவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வயது வரை பிற்காப்பு உதவி கிடைக்க வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அதற்காக மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இதைச் சொல்ல ஆள் இல்லாமலே வயது கடந்து போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதனால்தான் பயிற்சியைப் பற்றிய பதிலில் இதையும் எழுதுகிறேன்.

இருந்தாலும் உங்கள் உடன் பணியாளரின் கருத்தில் நான் உடன்படாத இடம் ஒன்று உண்டு. வெளியில் எல்லாம் சரியாகும் வரை உள்ளே எதுவும் செய்ய வேண்டாம் என்று காத்திருக்க முடியாது. பந்தியில் சூப்பர்வைசர் எல்லோர் முன்பாகவும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கரண்டி இருக்கிறது, உடம்பு கொதிக்கிறது. அங்கே வாளியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்தால் அன்றைய கூலியும் போகும், அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். சமயத்தில் விஷயம் ஸ்டேஷன் வரை போகும். திட்டு விழுந்ததற்கும் கை ஓங்குவதற்கும் நடுவில் மூன்று நொடி இடைவெளி கிடைத்தால், அந்த இடைவெளியில் என்ன செய்வது என்பதை அவனே முடிவு செய்துகொள்வான். பொறுத்துப் போவதா, திருப்பிக் கேட்பதா, வேலையை விட்டு வந்துவிடுவதா என்பது அவனுடைய உரிமை. அந்த மூன்று நொடியை மட்டும் கவனப் பயிற்சி தரக்கூடும். மூளையில் ஆத்திரத்துக்குத் தடை போடும் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. தூக்கமின்மை அதை மேலும் பலவீனப்படுத்துகிறது. ஆகவே இந்த வயதில் இதைப் பழகுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

எப்படிப் பழக்குவது? முதலில், அது வகுப்பாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் காப்பகத்தில் மாலையில் டீ கொடுப்பீர்கள் அல்லவா, அதிலிருந்தே தொடங்கலாம். கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூடு முதலில் எந்த விரலில் தெரிகிறது என்று பார்க்கட்டும். ஆவி முகத்தில் படுவதையும், முதல் வாய் உள்ளே இறங்கும்போது சூடு எதுவரை தெரிகிறது என்பதையும் கவனிக்கட்டும். நடுவில் மனம் வேறெங்கேயாவது போனால், கூலி பாக்கி ஞாபகம் வந்தால், மறுபடியும் கிளாஸின் சூட்டுக்கு வந்தால் போதும். போனது தப்பில்லை, வந்ததுதான் பயிற்சி என்று சொல்லுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மௌனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், கூச்சத்தை மறைப்பதற்கு அந்த வயதுக்குத் தெரிந்த வழி அதுதான்.

இரண்டாவதாகக் கால். நின்றுகொண்டு, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதம் தரையில் படும் இடத்தைக் கவனிப்பது. குதிகாலில் பாரம் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது. இதற்கு இடமும் நேரமும் தேவையில்லை. சாப்பாட்டு வரிசையிலும் செய்யலாம், பஸ்ஸிலும் செய்யலாம், திட்டு வாங்கும்போதும் செய்யலாம். யாருக்கும் தெரியாது என்பது இதன் பெரிய வசதி. லோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மூட்டை தோளில் ஏறியதும் பாதம் எப்படித் தரையைப் பிடிக்கிறது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.

மூச்சைக் கவனிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். எல்லோரும் மூச்சிலிருந்துதான் தொடங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கழுத்தை நெரித்து அடிபட்டவனுக்கும், வீசிங் இருக்கிறவனுக்கும், போதைக்காகச் சொல்யூஷன் பசையை முகர்ந்து பழகியவனுக்கும் மூச்சு ஓர் அமைதியான இடமாக இருக்காது. சௌகரியப்படுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம்: இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீளமாக விடுங்கள் என்று. மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றே மெதுவாகிறது. அதனால்தான் பெருமூச்சு விட்டால் ஆறுதலாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறவன் இருந்தால் மூச்சுப் பயிற்சியெல்லாம் அப்புறம். முதலில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எந்தப் பயிற்சியாக இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும், எழுந்து போகிறவனை ஏன் என்று கேட்கக் கூடாது, வராதவனுக்குச் சாப்பாட்டிலோ இடத்திலோ எந்த வித்தியாசமும் காட்டக் கூடாது. இதை முதல் நாளே எல்லோர் முன்பும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் மிகக் குறைவாகவே கிடைத்திருக்கிறது. இங்கே அது கிடைப்பதே பாதிச் சிகிச்சை என்பது என் அனுபவம். ஊதுபத்தி, சுலோகம், ஓங்காரம் எதுவும் வேண்டாம். மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிற இடம் அது. புகைப்படமும் வேண்டாம், பயிற்சி கொடுத்த குழுவுக்கு அறிக்கை தேவைப்பட்டால் காலியான கூடத்தைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பயிற்றுநரிடம் இவற்றைப் பகையாகப் பேச வேண்டியதில்லை. அவர் நல்ல எண்ணத்தோடு சனிக்கிழமை மாலையைக் கொடுக்க வந்தவர். இந்த மாற்றங்களோடு அவர் தொடர விரும்பினால், எட்டு வாரத்துக்குப் பதிலாக ஆறு மாதம், வாரம் பத்து நிமிடம் என்று வரச் சொல்லுங்கள். நன்றாகப் பழகிவிட்டு நடுவில் காணாமல் போகிற பெரியவர்களை இந்த இளைஞர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னொருவர் சேர வேண்டாம்.

பயிற்சியின்போது யாராவது ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தொடாதீர்கள். சற்று எட்ட நின்று அவன் பெயரையும், உங்கள் பெயரையும், இது எந்த இடம், என்ன கிழமை என்பதையும் நிதானமாகச் சொல்லுங்கள். கையில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்து, எழுந்து நடக்கச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று அந்த நேரத்தில் துருவிக் கேட்க வேண்டாம். காதில் குரல் கேட்கிறது என்கிறவன், செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறவன் ஆகியோருக்குக் கவனப் பயிற்சி மருந்தாகாது. அவர்களுக்கு மருத்துவர் வேண்டும். தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்தியவனுக்குக் கை நடுக்கமும் குழப்பமும் வந்தால் அது அவசர நிலை, 108-ஐக் கூப்பிடுங்கள். இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416 எந்த நேரமும் தமிழில் கிடைக்கும். அவன் தனியாகப் பேசுவதற்கு உங்கள் அலுவலக அறையைப் பத்து நிமிடம் விட்டுக்கொடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வீடற்றவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவச மனநலச் சிகிச்சை பெறும் உரிமையைப் பெயர் சொல்லியே தருகிறது. வறுமைக்கோட்டு அட்டையைக் காட்டச் சொல்லி அங்கே யாரும் திருப்பி அனுப்ப முடியாது. மருத்துவமனைக்கு அனுப்பும்போது தனியாக அனுப்பாமல் கூட ஒருவர் போங்கள்.

நீங்களே நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். டீ கிளாஸ், பாதம் ஆகிய இரண்டையும் தாராளமாக நீங்களே நடத்தலாம். படுத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் கவனிக்கும் நீண்ட பயிற்சி, பழைய நினைவுகளுக்குள் அழைத்துச் செல்லும் பயிற்சி ஆகியவற்றை மட்டும் தொட வேண்டாம். தொடங்குவதற்கு முன்பு இரண்டு வாரம் நீங்கள் செய்து பாருங்கள். முப்பது இளைஞர்களின் கோபத்தையும் பசியையும் மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பிலும் அந்த இறுக்கம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் பதற்றமாக இருந்துகொண்டு அமைதியாக இரு என்று சொன்னால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரையே டீ நேரப் பயிற்சியை நடத்தச் சொல்லி, அதற்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். என்னைவிடவும் உங்களைவிடவும் அவர் பேச்சு எடுபடும். பலன் தெரிகிறதா என்று பார்க்க மதிப்பெண் தாள் எதுவும் தேவையில்லை. சார்ஜர் பாயிண்ட் சண்டை குறைந்திருக்கிறதா, இரவில் அலறி எழுகிறவர்கள் எத்தனை பேர், ஒருமுறை கிளம்பிப் போனவன் திரும்பி வருகிறானா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

அந்தத் தம்பியை வகுப்புக்குத் திரும்ப வரச் சொல்லாதீர்கள். அவன் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "அன்னைக்கு நீ எழுந்து வெளிய போனது தப்பே இல்ல தம்பி. நாங்கதான் கதவ சாத்தியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கும் அவன் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் சொல்லக்கூடும். சொன்னால் சரி என்று அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.